பெரிய கட்டுமான கம்பெனியில் சைட் வேலை: சேரப்போகும் பிள்ளைகளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கோட்டையூர்_தமிழ் எழுதியது:

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்தில் சிவில் முடித்த பிள்ளைகள் வருஷா வருஷம் பெரிய கட்டுமான கம்பெனிகளில் டிரெய்னியாகச் சேர்கிறார்கள். அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரியிலிருந்தும் பாலிடெக்னிக்கிலிருந்தும் போகிறவர்கள்தான் அதிகம். ஆபர் லெட்டர் வந்ததும் வீட்டில் இனிப்பு கொடுக்கிறோம். சைட்டில் அந்தப் பிள்ளை என்ன செய்யப்போகிறது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

துறையில் இருக்கிறவர்கள் விவரமாக எழுதுங்கள். என்ன வேலை, எங்கே தப்பு நடக்கும், எதில் கையெழுத்துப் போடலாம், எதில் கூடாது, கையில் எவ்வளவு வரும். சொந்தக் கதை வேண்டாம். “நல்ல அனுபவம் கிடைக்கும்” மாதிரிப் பொத்தாம் பொதுவான பதிலும் வேண்டாம். வேலை விவரம் போதும்.

---

பில்லிங்மேசை எழுதியது:

லோக்கல் பில்டர்கிட்ட இன்ஜினியர் ஒருத்தரே எல்லாத்தையும் பார்ப்பார். பெரிய கம்பெனியில ஒரே ஸ்லாபை (கான்கிரீட் தளத்தை) ஏழெட்டு டிபார்ட்மென்ட் தொடும். எக்ஸிகியூஷன், பிளானிங், பில்லிங், தரம் பார்க்குற க்யூ.சி., சேஃப்டி, மெஷினரி பார்க்குற பி அண்ட் எம், ஸ்டோர், டைம் ஆபீஸ். இவங்க யாரும் கரண்டி பிடிக்கிறதில்லை. வேலை செய்யுறது சப்-கான்ட்ராக்டர் ஆட்கள். ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நிக்கிறவர்தான் டிரெய்னி.

காலையில 8 மணிக்கு முன்னாடியே சைட்ல இருக்கணும். அன்னைய வேலைக்கான பாதுகாப்புப் பேச்சு, அதாவது டூல்பாக்ஸ் டாக், பத்து நிமிஷம், அப்புறம் ஆள் எண்ணிக்கை. சாயங்காலம் டி.பி.ஆர்., அதாவது அன்றன்றைக்கு நடந்த வேலையின் ரிப்போர்ட். கார்பென்டர் எத்தனை, கம்பி கட்டுறவங்க எத்தனை, எந்த கிரிட்ல (டிராயிங்ல குறிச்ச கட்டத்துல) எத்தனை சதுர மீட்டர் சென்ட்ரிங் முடிஞ்சது, என்ன தடை வந்ததுன்னு எல்லாம் அதுல வரணும்.

தடையை எழுதுற கடைசிப் பத்திதான் முக்கியம். புதுப் பசங்க அதைக் காலியா விட்டுடுவாங்க. “டிராயிங் வரல”, “மதியம் 2 முதல் 5 வரை மழை”, “கிளையன்ட் இடத்தை ஒப்படைக்கல”ன்னு அன்னைக்கே எழுதி, தடைகளைப் பதியுற ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர்ல கிளையன்ட் கையெழுத்து வாங்கினாத்தான் பின்னாடி கால நீட்டிப்பு கேட்க முடியும். ஆறு மாசம் கழிச்சு ஞாபகத்துல இருந்து எழுதுனா ஒரு கன்சல்டன்ட்டும் ஏத்துக்க மாட்டார். தாமத அபராதம் கம்பெனி தலையில விழும். அப்ப எல்லாரும் தேடுறது அந்த நாளோட டி.பி.ஆர்.-ஐத்தான்.

இன்னொண்ணு, டிராயிங் ரிவிஷன். ஆபீஸ்ல ஆர்3 (மூணாவது ரிவிஷன்) வந்திருக்கும், கம்பி வெட்டுற யார்டுல ஆர்2 ஒட்டியிருக்கும். பீம்ல ரெண்டு கம்பி குறைஞ்சிருக்கிறது கட்டி முடிச்ச பிறகுதான் தெரியும். புது ரிவிஷன் வந்தா பழைய தாளைக் கையோட வாங்கி “ரத்து”ன்னு முத்திரை குத்தணும். “கட்டுமானத்துக்கு உரியது” முத்திரை இல்லாத டிராயிங்ல ஒரு கம்பிகூட வெட்டக் கூடாது.

---

தேவகோட்டை_க்யூசி எழுதியது:

கான்கிரீட் ஊற்றும் நாளைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். டிரெய்னியின் கையெழுத்து முதலில் விழுவது போர் கார்டில்தான்.

போர் (pour) கார்டு என்பது கான்கிரீட் ஊற்ற அனுமதி தரும் ஒரு பக்கத் தாள். சென்ட்ரிங், கம்பி, லெவல், எலெக்ட்ரிக்கல்-பிளம்பிங் ஸ்லீவ் (குழாய் போக விடும் துளைக்கூடு), சேஃப்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் கையெழுத்திட்ட பிறகு கிளையன்ட் கையெழுத்து. அது முழுமையான பிறகே கான்கிரீட் கலக்கும் பிளான்டுக்கு வண்டி சொல்ல வேண்டும். நடைமுறையில் வண்டியை முதலில் சொல்லிவிட்டு, “வண்டி கேட்டில் நிற்கிறது, சீக்கிரம் போடுங்கள்” என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். இப்படித்தான் கவர் பிளாக் (கம்பிக்கும் பலகைக்கும் இடையே வைக்கும் சிறு கட்டை) இல்லாத ஸ்லாப் உருவாகிறது.

கையெழுத்துக்கு முன் நேரில் பார்க்க வேண்டியவை: சாதாரணச் சூழலில் ஸ்லாபுக்கு 20 மி.மீ. கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம்), தூணுக்கு 40, அடித்தளத்துக்கு 50. கடற்கரை சைட்டில் இதைவிட அதிகம். டிராயிங்கில் இருப்பதையே பிடிக்க வேண்டும். மேல் கம்பியைத் தாங்கும் சேர் கம்பிகள் போதுமான நெருக்கத்தில் இல்லாவிட்டால், ஆள் நடந்தே அந்தக் கம்பி கீழே இறங்கிவிடும். பால்கனி போன்ற, ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள கான்டிலீவரில் மேல் கம்பிதான் உயிர். அது இறங்கினால் சென்ட்ரிங் பிரிக்கும்போது பால்கனியே இறங்கும்.

வண்டி வந்ததும் பேட்ச் சிலிப்பை (பிளான்ட் தரும் கலவைச் சீட்டை) பாருங்கள். கிரேடு சரியா, லோடு செய்த நேரம் என்ன? ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 4926-படி லோடு செய்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும். இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் போட்டு, முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் கூடுதல் நேரம். ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) குறைவாக இருந்தால் பம்ப் ஆபரேட்டர் தண்ணீர் ஹோஸைக் கையில் எடுப்பார். விடக் கூடாது.

ஏன் என்பதற்குக் கணக்கு இது. கன மீட்டருக்கு சிமென்ட் 340 கிலோ, தண்ணீர் 163 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.48. ஆறு கன மீட்டர் வண்டியில் 60 லிட்டர் விட்டால் கன மீட்டருக்கு 10 லிட்டர் கூடுகிறது, விகிதம் 0.51 ஆகிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, வலிமையில் தெரியும். ஸ்லம்ப் வேண்டுமென்றால் பிளான்டின் க்யூ.சி. ஆளே அட்மிக்சர் (கலவையை இளக்கும் ரசாயனம்) அளந்து சேர்த்து டிரம்மைச் சுற்ற வேண்டும். எவ்வளவு சேர்த்தார் என்பதை சிலிப்பிலேயே எழுதி வாங்குங்கள்.

வலிமையைச் சோதிக்க கான்கிரீட் க்யூப் எடுப்பது ஐ.எஸ். 456 கணக்கில்: 5 கன மீட்டர் வரை ஒரு சாம்பிள், 6–15 வரை இரண்டு, 16–30 வரை மூன்று, 31–50 வரை நான்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 50-க்கும், அதன் பகுதிக்கும் ஒன்று. ஆக 120 கன மீட்டர் ஸ்லாபுக்கு 6 சாம்பிள். சாம்பிளுக்கு 3 க்யூப் வீதம் 28 நாளுக்கு 18. ஏழாம் நாள் சோதனைக்குத் தனியாக எடுப்பது பெரிய கம்பெனிகளின் வழக்கம். 150 மி.மீ. அச்சில் மூன்று அடுக்காக நிரப்பி, கையால் குத்துவதானால் அடுக்குக்கு 35 குத்து. ஒரே சாம்பிளின் மூன்று க்யூபில் ஏதாவது ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த முடிவு செல்லாது. க்யூபுக்கு மட்டும் தனியாகச் சிமென்ட் கூட்டிக் கலந்து நிரப்புவது என்று ஒரு வழக்கம் சில இடங்களில் உண்டு. அதில் உங்கள் பெயர் வரக் கூடாது. அது பொய்ச் சான்று.

ஊற்றும்போது கான்கிரீட்டைக் குலுக்கி இறுக்கும் வைப்ரேட்டர் ஒன்று ஓடினால் இன்னொன்று உபரியாகத் தயாராக இருக்க வேண்டும். தூணில் கான்கிரீட் 1.5 மீட்டருக்கு மேல் சும்மா விழக் கூடாது. விழுந்தால் ஜல்லி கீழே பிரிந்து அடியில் தேன்கூடு போல ஓட்டைகள் தெரியும்.

க்யூரிங் (கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பது): சாதா ஓ.பி.சி. சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி. போன்ற கலப்பு சிமென்டுக்கும், வறண்ட வெயில் இடத்துக்கும் 10 நாள். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஊற்றிய அன்றே மேற்பரப்பு வெடிக்கத் தொடங்கும். பினிஷிங் முடிய முடிய ஈரச்சாக்கோ பாலிதீனோ போர்த்துங்கள். மறுநாள் காலையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். ஸ்லாபுக்குப் பாத்தி கட்டுகிறவர்கள் தூணை மறந்துவிடுவார்கள். தூணுக்குச் சாக்கு சுற்றி நாளுக்கு நாலைந்து தடவை நனைக்க வேண்டும்.

---

கோட்டையூர்_தமிழ் எழுதியது:

ப்ராப் (சென்ட்ரிங்கைத் தாங்கும் முட்டு) எப்போது எடுக்கலாம்? இதில்தான் சண்டை வருகிறது என்கிறார்கள்.

---

தேவகோட்டை_க்யூசி எழுதியது:

ஆமாம். அடுத்த மாடிக்குப் பலகையும் ஜாக்கியும் தேவைப்படுவதால் அவசரப்படுத்துவார்கள். ஓ.பி.சி. சிமென்டுக்கு ஐ.எஸ். 456 சொல்வது: 4.5 மீட்டர் வரை ஸ்பான் (தாங்கல்களுக்கு இடையிலான தூரம்) உள்ள ஸ்லாபுக்கு ப்ராப் 7 நாள், அதற்கு மேல் 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. பி.பி.சி. என்றால் இன்னும் தள்ளிப்போகும்.

நாள் கணக்கோடு முடியாது. மேல்மாடி ஸ்லாபின் ஈரக் கான்கிரீட்டைத் தாங்குவது கீழ்மாடிதான். கீழே ப்ராப் மொத்தத்தையும் உருவிவிட்டு மேலே ஊற்றினால், கீழ் ஸ்லாபின் அடியில் நடுவே முடிக்கோடாக வெடிப்பு ஓடும். எத்தனை மாடிக்கு ப்ராப் நிற்க வேண்டும் என்பது ஃபார்ம்வொர்க் (சென்ட்ரிங்) ஸ்கீம் டிராயிங்கில் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியில் பிரிக்கச் சொன்னால், “மெயில் போடுங்க சார்” என்று மரியாதையாகச் சொல்லலாம்.

---

கம்பிக்கணக்கு எழுதியது:

க்யூ.சி. அண்ணன் கான்கிரீட்டை முடிச்சுட்டார். கம்பியைப் பத்தி நான் எழுதுறேன். மாசக் கடைசியில டிரெய்னியைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறது ஸ்டீல் ரெகன்சிலியேஷன்லதான், அதாவது கம்பியோட வரவு-செலவைச் சரிபார்க்கிறதுல.

கணக்கு ஒண்ணுதான். ஸ்டோர்ல இருந்து வாங்குனது = வேலையில போனது + யார்டுல இருப்பு + ஸ்கிராப். கணக்கு ஒத்துவராம குறைஞ்சா அது வேஸ்டேஜ். ஒப்பந்தத்துல பெரும்பாலும் 3 சதவீதம் மாதிரி ஒரு வரம்பு போட்டிருப்பாங்க. தாண்டுனா கான்ட்ராக்டர் பில்லுல கழிப்பாங்க, இல்லேன்னா சைட் இன்ஜினியரைக் கேள்வி கேட்பாங்க.

வேலையில போன எடையை விட்டம் வச்சுக் கணக்கிடுவாங்க. விட்டத்தை மி.மீ.-ல எடுத்து, அதையே அதால பெருக்கி 162-ஆல வகுத்தா மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும். 8 மி.மீ. 0.395, 10 மி.மீ. 0.617, 12 மி.மீ. 0.888, 16 மி.மீ. 1.58, 20 மி.மீ. 2.47, 25 மி.மீ. 3.85 கிலோ.

பிரச்சினை எங்கேன்னா, மில்லுல இருந்து வர்ற கம்பி இந்த எடையிலேயே வராது. ஐ.எஸ். 1786 இதுக்கு இடம் கொடுக்குது. பேட்ச் அளவுல 10 மி.மீ. வரைக்கும் கூடக்குறைய 7 சதவீதம், 16 வரைக்கும் 5, அதுக்கு மேல 3. லாரியை எடைபோட்டு ஸ்டோர்ல வரவு வைப்பாங்க, வேலையில போனதை சூத்திரத்துல எழுதுவாங்க.

8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.410 கிலோவா வந்திருக்குன்னு வைங்க. ஒரு டன்னுல 2,532 மீட்டர் வரவேண்டிய இடத்துல 2,439 மீட்டர்தான் வரும். 93 மீட்டர் குறைவு. காகிதத்துல டன்னுக்கு 37 கிலோ, அதாவது 3.7 சதவீதம் காணோம்னு காட்டும். ஒருத்தரும் திருடல, ஒரு துண்டும் வீணாகல, வேஸ்டேஜ் வரம்பு மட்டும் தாண்டியாச்சு.

இதுக்கு வழி லாரி வந்த அன்னைக்கே இருக்கு. ஒவ்வொரு விட்டத்துலயும் மூணு கம்பியில ஒரு மீட்டர் துண்டு வெட்டி, நல்ல தராசுல நிறுத்து, ஸ்டோர்காரரோட சேர்ந்து ரோலிங் மார்ஜின் (மில் கம்பியோட எடை வித்தியாசம்) ரிஜிஸ்டர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். மாசக் கடைசியில அதை இணைச்சா கேள்வி நிக்கும். துண்டை வெட்டாம விட்ட லாரிக்கு அப்புறம் என்ன சொன்னாலும் எடுபடாது.

ஸ்கிராப் பத்தியும் சொல்லிடுறேன். கம்பி 12 மீட்டர் நீளம். 5.2 மீட்டர் துண்டு வேணும்னா ரெண்டு கிடைக்கும், 1.6 மீட்டர் மிஞ்சும். அதை சேர், ஸ்பேசர், சின்ன ஸ்டிரப்புக்கு (சுத்திக் கட்டுற வளையக் கம்பிக்கு) ஒதுக்கணும். பி.பி.எஸ். (எந்தக் கம்பியை எவ்வளவு வெட்டி வளைக்கணும்ங்கிற பட்டியல்) போடும்போதே நீளமான துண்டையும் குட்டையானதையும் ஜோடி சேர்த்து வெட்டுற பட்டியல் எழுதிட்டா ஸ்கிராப் பாதியாகும். மேஸ்திரிகிட்ட விட்டா கைக்கு வர்ற கம்பியை வெட்டுவாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்குக் கூலி கட்டுன டன்னுக்குத்தான்.

---

செம்புறாங்கல் எழுதியது:

பாதுகாப்பு பற்றி நம் மண்ணை வைத்தே ஒன்று. செட்டிநாட்டுச் செம்புறாங்கல் மண் காய்ந்திருக்கும்போது சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். இந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள் அந்த நம்பிக்கையில் மூன்று மீட்டர் ஆழத்தில்கூட ஆளை இறக்குவார்கள். ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து ஈரம் இறங்கினால் முன்னறிவிப்பே இல்லாமல் பாளமாகச் சரியும்.

1.5 மீட்டருக்கு மேல் ஆழமென்றால் சரிவாக வெட்ட வேண்டும், அல்லது படி விட வேண்டும், அல்லது முட்டுக் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர், அல்லது ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும். ஜே.சி.பி. ஆபரேட்டர் டீசல் மிச்சம் பிடிக்க விளிம்பிலேயே குவிப்பார்; அந்தப் பாரம்தான் சரிவைத் தள்ளுகிறது. மழைக்குப் பிறகு மறுபடி பார்த்துப் பெர்மிட்டை (வேலை தொடங்க அனுமதிக்கும் தாளை) புதுப்பிக்காமல் யாரும் இறங்கக் கூடாது.

உயர வேலை, வெல்டிங், குழி, கிரேன் தூக்கு ஆகிய நான்கும் பெர்மிட் இல்லாமல் தொடங்கவே கூடாதவை. பெர்மிட் அன்றைய ஷிஃப்டுக்கு மட்டும் செல்லும். டிரெய்னியிடம் “நேத்து போட்டதுதானே, தேதி மட்டும் மாத்துங்க” என்பார்கள். விபத்து நடந்தால் போலீஸ் முதலில் எடுப்பது அந்தத் தாளைத்தான். கீழே யார் பெயர் என்று பார்ப்பார்கள்.

---

ஆத்தங்குடி_பில்டர் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. இவ்வளவு தாளும் ரிஜிஸ்டரும் பார்த்து அந்தப் பிள்ளை எப்போது வீடு கட்டக் கற்றுக்கொள்ளும்? பெரிய கம்பெனியில் ஐந்து வருஷம் ப்ளாக்வொர்க் (கல் அடுக்கிச் சுவர் எழுப்புவது) மட்டுமே பார்த்தவருக்கு அஸ்திவாரம் குறிக்கத் தெரிவதில்லை. எங்களிடம் ஒரு வீடு முடிந்தால் மார்க்கிங்கிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை எல்லாம் கைக்கு வரும். சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடி கல் பதிப்பது, பழைய வீட்டு மராமத்து இதெல்லாம் அங்கே கனவிலும் கிடைக்காது.

---

பில்லிங்மேசை எழுதியது:

அண்ணே, நீங்க சொல்றதுல பாதி நியாயம். ஒரே வேலையில மாட்டிக்கிற ஆபத்து உண்டு. அதுக்குத்தான் முதல் வருஷத்துலயே க்யூ.சி., பிளானிங், பில்லிங்னு சுத்தி வர்ற ரொட்டேஷன் கேட்டு வாங்கணும். அதையும் மெயில்ல கேட்கணும்.

ஆனா அளவெடுக்கிறதையும் பில் போடுறதையும் சின்ன இடத்துல இந்த அளவுக்குக் கத்துக்க முடியாது. சப்-கான்ட்ராக்டருக்கு வேலை நடக்க நடக்கப் போடுற ரன்னிங் பில் போற வழியைப் பாருங்க. ரெண்டு தரப்பும் சேர்ந்து அளந்து ஜே.எம்.ஆர். (கூட்டு அளவுப் பதிவு) எழுதி, சைட் இன்ஜினியர் கையெழுத்து, க்யூ.சி. சான்று, பில்லிங் சரிபார்ப்பு, அப்புறம் கழிவுகள். கழிவுன்னா ரிடென்ஷன் (பின்னாடி கொடுக்க நிறுத்தி வைக்கிற பணம், 5 சதவீதம்னு போடுறது வழக்கம்), வருமான வரிப் பிடித்தம் தனி ஆளுக்கு 1, கம்பெனிக்கு 2 சதவீதம், முன்பணம், நாம கொடுத்த மெட்டீரியல் டெபிட்.

அளவு விதி தெரியாம கையெழுத்துப் போடக் கூடாது. ஐ.எஸ். 1200-படி பூச்சு வேலையில 0.5 சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்குக் கழிக்கக் கூடாது. 0.5-க்கு மேல 3 வரைக்கும் ஒரு முகத்துக்கு மட்டும் கழிக்கணும். 3-க்கு மேல ரெண்டு முகமும் கழிச்சு, ஜாம்ப் (திறப்போட உள்பக்க ஓரம்) பூச்சைக் கூட்டணும். இது தெரியாம ஜன்னல் எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் கழிச்சா, பாவம், பூசுன கொத்தனாரோட கூலி குறையும். ஒண்ணையுமே கழிக்கலேன்னா ஆடிட்ல உங்க பேர் வரும்.

மூடிப்போற வேலையை, அதாவது குழி ஆழம், பி.சி.சி. (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்) கனம், மண்ணுக்குள்ள போற பைப்பை, மூடுறதுக்கு முன்னாடி டேப்பை வச்சு போட்டோ எடுத்து அன்னைக்கே அளவைப் பதியணும். மண் மூடின பிறகு வர்ற தகராறுல யார் குரல் பெருசோ அவங்கதான் ஜெயிப்பாங்க.

---

பாண்டுகுடி_வழி எழுதியது:

ராமநாதபுரம், தொண்டி பக்கம் சைட் போட்டால் கூடுதலாக என்ன பார்க்க வேண்டும்?

---

தேவகோட்டை_க்யூசி எழுதியது:

முதலில் தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு உரிய தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, பி.எச். 6-க்குக் குறையக் கூடாது. கடலோர போர்வெல் கோடையில் உப்பேறும். மார்கழியில் பாஸான தண்ணீர் வைகாசியில் பாஸாகாது. க்யூரிங் தண்ணீருக்கும் இதே கவனம் வேண்டும்.

அடுத்து கம்பி. அடுக்கி வைத்த கம்பியில் உப்புக்காற்று படிந்து செதில் துரு வரும். தரையிலிருந்து தூக்கி, தார்ப்பாய் போட்டு, வாங்கிய வரிசையில் செலவு செய்யுங்கள். பூச்சுக் கம்பி என்றால் வளைத்த இடத்தில் பூச்சு வெடித்திருக்கும். கட்டுவதற்கு முன் தொட்டுப் பூச வேண்டும். கம்பி அரிப்பைத் தடுக்கும் பூச்சு முறைகளை உருவாக்கிய சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்), 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம், நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கு துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டது இந்த உப்புக்காற்றுக்காகத்தான். சாதாரண சைட்டில் அந்தச் செலவு கிடையாது. அதனால் கவர் கனமும் அடர்த்தியான கான்கிரீட்டும்தான் காப்பு.

---

சம்பளச்சீட்டு எழுதியது:

ஆபர் லெட்டரில் இருக்கும் சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) கைக்கு வராது. பேசிக் 15,000 என்றால் உங்கள் பி.எஃப். 1,800 பிடிப்பார்கள், கம்பெனி பங்கு 1,800-ம் சி.டி.சி.-க்குள்ளேயே இருக்கும். கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், அதாவது 722 ரூபாய் வரை, அதுவும் உள்ளேதான். அதற்கு மேல் குரூப் இன்ஷூரன்ஸ் பிரீமியம், சில இடங்களில் தங்கும் இடமும் மெஸ்ஸும். ஆகவே எச்.ஆரிடம் கேட்க வேண்டியது “கையில் எவ்வளவு, மெஸ்ஸுக்குப் பிடிப்பது எவ்வளவு, சைட் அலவன்ஸ் சைட் மாறினாலும் தொடருமா” என்பதுதான்.

எந்த ஊருக்கும் மாற்றலாம் என்ற விதி நிச்சயம் இருக்கும். சென்னை சைட் என்றால் பல்லவன் ரயிலில் வந்து போகலாம்; குஜராத் என்றால் ஊருக்கு வரப் போகவே லீவு கரையும். எத்தனை மாதத்துக்கு ஒரு முறை லீவு, பயணப்படி உண்டா என்று சேரும் முன்பே கேளுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

---

தேக்கா_தம்பி எழுதியது:

இந்தப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் கம்பெனிக்குப் போகிறவர்களும் நிறைய. அவர்களுக்காகச் சில வரிகள்.

விமானம் ஏறும் முன் ஐ.பி.ஏ. கடிதத்தை (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதலை)த் தமிழ்ப் பிரதியோடு வாங்கிப் படியுங்கள். அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் மூன்றும் அதில் இருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகை வேறாக இருந்தால், செல்லுவது கடிதத்தில் இருப்பது.

ஓவர்டைம் ஒன்றரை மடங்கு. மணிக் கூலி கணக்கு: மாத அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி 2,288-ஆல் (52 வாரம், 44 மணி) வகுக்க வேண்டும். 800 வெள்ளி என்றால் மணிக்கு 4.20, ஓவர்டைம் 6.29 வெள்ளி. மாதத்துக்கு ஓவர்டைம் வரம்பு 72 மணி. சம்பளம், மாதம் முடிந்து 7 நாளுக்குள். ஓவர்டைம் 14 நாளுக்குள். டைம்கார்டை தினமும் போனில் படமெடுத்து வையுங்கள். மனிதவள அமைச்சகத்தில் புகார் என்று போனால் அதுதான் பேசும்.

அங்கத்து ஏஜென்சி வாங்கக்கூடிய கட்டணம் ஒப்பந்த வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். ஊரில் இடைத்தரகர் கேட்கும் லட்சங்களுக்கு அந்த வரம்பில் இடமில்லை. வளைகுடா, மலேசியாவுக்குப் போகிற ஈ.சி.ஆர். (குடியேற்றச் சோதனை தேவைப்படும்) பாஸ்போர்ட்காரர்களுக்கு இந்திய அரசின் இ-மைக்ரேட் பதிவு என்ற வடிகட்டி இருக்கிறது. அந்த 18 நாட்டுப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை, அதனால் இன்னும் கூடுதல் கவனம் தேவை.

---

கோட்டையூர்_தமிழ் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு இதை அச்செடுத்துக் கொடுக்கப்போகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: ஒரு கம்பெனியை விட்டு அடுத்ததில் சேரும்போது பி.எஃப். மாட்டிக்கொள்கிறது என்கிறார்களே?

---

சம்பளச்சீட்டு எழுதியது:

பெரும்பாலும் பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் பதியாததால்தான். கடைசிச் சந்தா போன மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்துவிட்டால், யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினரின் நிரந்தர எண்) தளத்தில் நாமே அந்தத் தேதியைப் பதியலாம்; ஆதாரோடு இணைந்த போன் நம்பருக்கு ஓ.டி.பி. வரும். புதுக் கம்பெனியில் பழைய யூ.ஏ.என்.-ஐயே கொடுக்க வேண்டும். கேட்காமல் விட்டால் புது நம்பர் போட்டுவிடுவார்கள், பிறகு இரண்டையும் சேர்க்க அலைய வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். நம் பக்கம் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பதில்தான் பாதி விண்ணப்பங்கள் நிற்கின்றன.